எலும்பு உரைப்பதும் ஏற்றி உரைப்பதும்

மாண்டவரின் எலும்பிலே சிறு துண்டொன்றை எடுத்து, அதனை அமிலத்தில் ஊறவைத்து, எஞ்சும் கொலாஜன் என்னும் புரதத்தை எரித்து வாயுவாக்கி, அவ்வாயுவிலுள்ள காபனையும் நைதரசனையும் திணிவு நிறமாலைமானியிற் செலுத்தி, ‘இவர் உண்டு வாழ்ந்தது இன்னது’ எனக் கூறும் ஆய்வுமுறை கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திலே தொல்லியலிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றுள்ளது. பானையோட்டையும் விலங்கெலும்பையும் கருகிய தானியத்தையும் கொண்டு முன்னோரின் உணவை ஊகித்து வந்த காலம் போய், மனிதனின் உடலையே சாட்சிக் கூண்டில் ஏற்றும் காலம் வந்துவிட்டதென இம்முறையைப் போற்றுவோர் கூறுவர். சாட்சி ஏறியது உண்மையே. ஆயின் சாட்சி பேசும் மொழியை அறியாதவர் அதன் வாயிலே தம் சொற்களைத் திணிக்கும் வழக்கமும் கூடவே ஏறியுள்ளது.

1976 இல் மைக்கல் டிநீரோ, சாமுவேல் எப்ஸ்ரைன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் இத்துறையின் தொடக்ககாலக் குறிப்பொன்றை வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட தலைப்பு விளையாட்டுத் தன்மை வாய்ந்தது. நீ எதனை உண்கின்றாயோ அதுவே நீ, ஆயிரத்துக்குச் சில கூட்டிக்கொள்க, என்பது அதன் கருத்து. தலைப்பின் முற்பகுதி உலகெங்கும் பரவிற்று. வகுப்பறையிலும் செய்தித்தாளிலும் முதுமொழிபோல் வழங்கலாயிற்று. பிற்பகுதியோ வழியிலே கழன்று வீழ்ந்துவிட்டது. இத்துறையின் வழக்குகள் பெரும்பாலும் வீழ்ந்துபோன அந்த வாலைப் பற்றியவையே.

அடிப்படை எளிதானது. இயற்கையிலுள்ள காபனில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.1 பங்கு சற்றுப் பாரங்கூடிய காபன் 13 ஆகும். நைதரசனில் நைதரசன் 15 அதனிலும் குறைவு, நூற்றுக்கு 0.37 அளவினதே. காலக்கணிப்புக்குப் பயன்படும் காபன் 14 போன்று இவை சிதைந்து அழிவன அல்ல. ஆயிரம் ஆண்டு சென்றாலும் நிலையாக இருப்பன. ஆதலால் இவை நிலையான சமதானிகள் எனப்படும். நெல், கோதுமை, கிழங்கு வகைகள், பயறு, தென்னை, பனை முதலிய பெரும்பாலான தாவரங்கள் ஒளித்தொகுப்பின்போது பாரமான காபனைப் பெரிதும் ஒதுக்கிவிடுகின்றன. நியமத்திலும் ஆயிரத்துக்கு 26 அல்லது 27 அளவிற் குறைந்து நிற்கின்றன. சோளம், இறுங்கு, குரக்கன், தினை, சாமை, கரும்பு முதலியன வேறொரு வழியிலே காபனைப் பிடிப்பன. அவற்றின் குறைவு ஆயிரத்துக்கு 12 அல்லது 13 மட்டுமே. முன்னவை மூன்று காபன் தாவரங்கள் எனவும், பின்னவை நான்கு காபன் தாவரங்கள் எனவும் அழைக்கப்படும். நைதரசனின் போக்கு வேறு. உண்ணப்பட்டதிலிருந்து உண்பதற்குச் செல்லும் ஒவ்வொரு படியிலும் நைதரசன் 15 ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை உயரும் என்பது பொதுவான கணிப்பு. புல்லிலும் மாடு மேல், மாட்டிலும் புலி மேல்; பல படிகளைக் கொண்ட கடலுணவுச் சங்கிலியின் உச்சியிலுள்ள பெருமீன் இவையெல்லாவற்றிலும் மேல்.

இக்கருவி ஈட்டிய முதல் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. சோளம் மெக்சிக்கோவிலிருந்து வடக்கே பரவிய பயிர். வட அமெரிக்காவின் கிழக்கிலே இயற்கையாக மனிதன் உண்ணத்தக்க தாவரங்களோ ஏறக்குறைய யாவும் மூன்று காபன் வகையின. எனவே அங்கு வாழ்ந்தோரின் எலும்பிலே பாரமான காபன் திடீரென மிகுந்தால் அதற்குச் சோளமே காரணமாதல் வேண்டும். வோகல், வான் டெர் மெர்வ என்னும் இருவரும் 1977 இல் நியூயோர்க் மாநிலத்து எலும்புகளைக் கொண்டு இதனை நிறுவினர். ஒரு சோளக் கதிரைக்கூடக் காணாமலே சோளம் வந்ததைக் காட்டியது பெருஞ் சாதனை. ஆனால் அச்சாதனை எதனால் இயன்றது என்பதை மறத்தலாகாது. வினா ஒன்று, விடைகள் இரண்டே, இரண்டும் எண்ணளவிலே வெகு தூரத்தில் நின்றன. அத்தகைய நற்பேறு வாய்க்காத இடங்களுக்கும் அதே துணிவைக் கொண்டுசென்றதிலேதான் பிழை தொடங்கிற்று.

முதற் பிழை கொலாஜனைப் பற்றியது. அது ஒரு புரதம். உடல் அதனைக் கட்டும்போது உணவிலுள்ள புரதத்தையே முதலில் நாடும்; மாப்பொருளும் கொழுப்பும் அதிற் சேரும் பங்கு சிறிது. இது ஊகமன்று. 1993 இல் அம்புறோஸ், நோர் ஆகிய இருவரும் எலிகளுக்குப் புரதத்தை ஒருவகைத் தாவர வழியிலிருந்தும் மாப்பொருளை மற்றொரு வகையிலிருந்தும் பெற்ற உணவை ஊட்டிப் பரீட்சித்தனர். எலியின் கொலாஜன் புரதத்தின் பக்கமே சாய்ந்தது. எலும்பின் தாதுப்பொருளோ முழு உணவின் சராசரியைக் காட்டிற்று. இதன் பொருள் யாது? மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கை அவித்துண்டு, அதற்குத் தொடுகறியாக ஒரு கருவாட்டுத் துண்டை வைத்துக்கொள்ளும் ஏழையை எண்ணுக. அவன் வயிற்றை நிரப்பியது கிழங்கு. வேலை செய்யும் வலுவைத் தந்தது கிழங்கு. அவன் நிலத்திலே பாடுபட்டது கிழங்குக்காக. ஆனால் கிழங்கிலே புரதம் மிக அற்பம். நூறாண்டு கழித்து அவன் எலும்பைத் தோண்டுபவனுக்கு அது கருவாட்டைப் பற்றியே பேசும். அவனைக் ‘கடலுணவில் தங்கி வாழ்ந்தவன்’ என்று எழுதுவோர் பொய்யர் அல்லர். புரதம் என்று எழுதவேண்டிய இடத்தில் உணவு என்று எழுதியோர்.

இந்த ஒரு சொல் மாற்றத்தால் விளைந்தவை சிறியன அல்ல. குரோசியாவிலுள்ள விண்டியாக் குகையின் நியாந்தர்தால் மனிதரின் எலும்புகளை ஆராய்ந்த மைக்கல் றிச்சார்ட்ஸ் முதலானோர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு, அம்மனிதரின் உணவுப் புரதம் ஏறக்குறைய முழுவதும் விலங்குகளிலிருந்து கிடைத்தது என்பதாகும். ஆய்வுரையிலே புரதம் என்னும் சொல் இருக்கின்றது. அது செய்தித்தாளுக்கும் அங்கிருந்து பாடநூலுக்கும் நடந்து செல்லும் வழியிலே உதிர்ந்தது. நியாந்தர்தால் மனிதர் ஓநாயைப் போன்று இறைச்சி தவிர வேறெதையும் உண்ணாதவர் என்னும் படிமம் நிலைத்துவிட்டது. அப்படிமத்தின் நிழலிலே ‘மனிதன் இயல்பில் ஊனுண்ணி’ என்னும் பொதுத் தீர்ப்பும், இக்காலத்து உணவுக் கொள்கை வணிகர் சிலரின் விற்பனையும் இடம்பிடித்தன. 2011 இல் அமண்டா ஹென்றி முதலானோர் ஈராக்கின் சனிதார்க் குகையினதும் பெல்ஜியத்தின் ஸ்பீக் குகையினதும் நியாந்தர்தால் பற்களிற் படிந்திருந்த காரையைச் சுரண்டி நோக்கியபோது, அதிலே தாவர மாமணிகள் காணப்பட்டன. அவற்றிற் சில வெந்தவை. கொலாஜன் காணாத உணவைப் பற்காரை கண்டது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். ஸ்பெயினின் கபாசா என்னும் இடத்துப் பல்லொன்றின் நாகச் சமதானிகளை 2022 இல் அளந்தவர்களும் ஊனுண்ணி என்னும் முடிபுக்கே வந்தனர் அன்றோ என்பர். நியாந்தர்தால் மனிதர் இறைச்சியை மிகுதியாக உண்டனர் என்பதை எவரும் மறுக்கவில்லை. பனியுறைந்த வடநிலத்திலே வேறு வழியும் அதிகமில்லை. ஆனால் அவர்களின் நைதரசன் எண் ஓநாயினதும் கழுதைப்புலியினதும் எண்ணுக்கு நிகராகவோ மேலாகவோ நிற்பது எங்ஙனம்? கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் உண்டு மனிதன் நெடுநாள் உயிர்வாழ இயலாது. அவன் ஈரல் அத்தனை புரதத்தைக் கையாளாது. 2025 இல் மெலனி பீஸ்லி, ஜூலி லெஸ்னிக், ஜோன் ஸ்பெத் ஆகியோர் இதற்கொரு விடையை முன்வைத்தனர். அழுகவிட்டு வைத்த இறைச்சியில் நெளியும் ஈப்புழுக்களின் நைதரசன் 15 ஆயிரத்துக்கு 43 வரையும் உயர்ந்திருந்தது. புழுவோடு கூடிய ஊனை உண்டிருந்தால் எண் ஏறும். இவ்விடை சரியோ பிழையோ, இருபத்தைந்து ஆண்டுகளாக ‘உச்ச வேட்டையாளன்’ என்று எழுதப்பட்ட ஓர் எண்ணுக்குப் புழுவும் பொருளாகலாம் என்பது வெளிப்பட்டதே போதுமானது.

எண்ணின் ஏணியே உறுதியற்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஒரு படிக்கு 3 முதல் 5 என்பது பல விலங்குகளைக் கொண்டு வகுத்த கணிப்பு. உயிருள்ள மனிதருக்கு அளந்து ஊட்டிய உணவைக் கொண்டு தம்சின் ஓ’கொனல் முதலானோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, உணவுக்கும் மனித உடலுக்கும் இடையிலான வேறுபாடு ஆயிரத்துக்கு 6 அளவில் இருக்கலாம் எனக் காட்டிற்று. சிறிய திருத்தம் போன்று தோன்றும். ஓரூரில் மாட்டின் எலும்பைவிட மனிதனின் எலும்பு 3 உயர்ந்திருப்பதாகக் கொள்க. மாட்டுக்கும் மனிதனுக்கும் படி 3 என்றால் அம்மனிதனின் புரதம் முழுவதும் விலங்கினின்று வந்தது. படி 6 என்றால் பாதியே வந்தது. அரைவாசி ஊரின் உணவு ஓர் அனுமானத்தின் உள்ளே மறைந்து கிடக்கின்றது. இத்தகைய அனுமானத்தின்மேல் நின்று ‘நூற்றுக்கு இத்தனை பங்கு இறைச்சி’ என்று எழுதுவது கணிதமன்று. கணிதத்தின் உடையை அணிந்த விருப்பம்.

அடுத்தது மண். நைதரசன் 15 உயர்ந்தால் விலங்குணவு என்பர். ஆனால் பயிருக்கு எருவிட்டவன் எவனும் இதற்கு இணங்கான். சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் பாரங்குறைந்த நைதரசன் அமோனியாவாக ஆவியாகிப் போகும். பாரமானது மண்ணிலே தங்கும். அதனைப் பயிர் உறிஞ்சும். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்திலே 1843 முதல் ஒரே வயலில் எருவிட்டும் இடாமலும் கோதுமை பயிரிடப்பட்டு வருகின்றது. அவ்வயலின் தானியம் உட்பட நீண்டகாலப் பரீட்சைகளின் தானியங்களை அளந்த ஏமி போகார்ட் முதலானோர் 2007 இல் கண்டது யாதெனில், எருவிட்ட தானியத்தை மட்டும் உண்டவனின் எலும்பும் பெரும்பாலும் விலங்குணவை உண்டவனின் எலும்பு போலத் தோற்றும் என்பதாகும். ஆகவே புதிய கற்கால உழவர் சமூகங்களைப் பற்றி ‘இறைச்சியும் பாலும் மிகுந்த வாழ்வு’ என்று எழுதப்பட்ட முடிபுகளிற் சில, உண்மையில் எருச்சுமந்த உழைப்பின் சுவடாக இருக்கலாம். விருந்துண்டவன் என்று எழுதப்பட்டவன் தொழுவத்துச் சாணத்தைக் கூடையிலேற்றிச் சுமந்தவனாக இருக்கலாம். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நிலைமை இன்னும் விந்தையானது. கடற்பறவை எச்சத்தை உரமாக இட்ட சோளத்தின் நைதரசன் எண் மீனையும் விஞ்சும். சோளத்தின் காபன் எண்ணோ முன்னரே கடலுணவின் எண்ணை ஒத்தது. அங்கே கடலைக் காணாத உள்நாட்டு உழவன்கூட மீனவனாகத் தோற்றுவான்.

இவ்வளவும் அறிவுலகத்துச் சச்சரவு. இதனால் எவருக்கு என்ன இழப்பு எனக் கேட்போர் உளர். அவர்கள் அயர்லாந்தின் கில்கெனி நகருக்குச் செல்லுதல் வேண்டும்.

1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகை அழுகல் நோய் தாக்கிற்று. அந்நாட்டு வறியோர் உண்டது பெரும்பாலும் அக்கிழங்கையே. அடுத்த சில ஆண்டுகளிற் பசியாலும் பசியைத் தொடர்ந்த நோயாலும் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனிலும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841 இல் எண்பது இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851 இல் அறுபத்தைந்து இலட்சமளவாயிற்று. பிரித்தானிய அரசு நிவாரணமாக அமெரிக்கச் சோளத்தை வாங்கி இறக்கிற்று. வேலை வாங்கிக்கொண்டு உணவும் உறைவிடமும் அளித்த வறியோர் விடுதிகளிலே மக்கள் வந்து குவிந்தனர். கில்கெனி விடுதியில் 1847 முதல் 1851 வரை மாண்டோர் விடுதி வளவிலேயே கூட்டங்கூட்டமாகப் புதைக்கப்பட்டனர். அப்புதைகுழிகள் மறக்கப்பட்டிருந்து 2005 இல் வெளிப்பட்டன. அகழ்ந்தபோது கிடைத்தவை குறைந்தது 970 பேரின் எச்சங்கள். பாதிக்கு மேற்பட்டோர் பராயமடையாதோர்.

ஜூலியா போமண்ட், ஜனற் மொன்ற்கொமெரி ஆகிய இருவரும் இவர்களிற் சிலரின் பற்களை எடுத்தனர். எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பது. அது பல ஆண்டுகளின் சராசரியையே காட்டும். பல்லின் உட்பகுதியோ வளரும்போது படையாகப் படிந்து பின்னர் மாறாதிருப்பது. அதனை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவான துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொரு துண்டும் ஓராண்டுக்குக் குறைந்த காலத்தின் பதிவாகும். ஒரு குழந்தையின் வாழ்வை மாதக்கணக்கில் வாசிக்கலாம். அவ்வாறு வாசித்தபோது உருளைக்கிழங்கிலிருந்து சோளத்துக்கு மாறியமை காபனிலே தெளிவாகத் தெரிந்தது. அத்துடன் வேறொன்றும் தெரிந்தது. உணவு போதாத காலத்திலே நைதரசன் 15 உயர்ந்தது.

இதன் காரணம் கொடியது. உண்ண எதுவும் இல்லாதபோது உடல் தன் தசையையே உடைத்து உயிர்வாழும். தன் புரதத்தைத் தானே உண்ணும் உடல், உணவுச் சங்கிலியிலே ஒரு படி மேலேறியது போன்ற எண்ணைக் காட்டும். இது முன்னரும் வேறிடங்களிற் கண்டறியப்பட்டதே. கருவுற்ற காலத்து வாந்தியால் உண்ண இயலாது மெலிந்த பெண்களின் தலைமயிரிலே இவ்வுயர்வு தோன்றியதை பெஞ்சமின் புல்லர் முதலானோர் 2005 இல் எழுதினர். உண்ண மறுக்கும் நோயுடையோரின் மயிரிலும் அவ்வாறே காணப்பட்டது. கில்கெனியிலே அது குழந்தைகளின் பல்லில் எழுதப்பட்டிருந்தது.

பட்டினி கிடந்தவன் இறைச்சி தின்றவனாகத் தோற்றுகின்றான். உயர்ந்த எண்ணை உயர்ந்த உணவென்றும், உயர்ந்த உணவை உயர்ந்த நிலையென்றும் வாசிக்கும் மரபு இத்துறையிலே வேரூன்றியுள்ளது. ஓர் இடுகாட்டில் நைதரசன் எண் கூடியவர்களைத் தனியே பிரித்துச் ‘செல்வர்’ எனவும், குறைந்தவர்களை ‘எளியோர்’ எனவும் எழுதிய கட்டுரைகள் பல. கில்கெனிக் குழந்தைகளை அந்த மரபின் கையில் ஒப்படைத்திருந்தால் அது என்ன எழுதியிருக்கும்? அவர்களுக்கு இறைச்சியோ மீனோ தாராளமாகக் கிடைத்தது என்று எழுதியிருக்கும். அவ்வாறு எழுதப்படாமைக்குக் காரணம் நிறமாலைமானியின் நுட்பம் மட்டுமன்று. அவர்கள் எவ்வாறு மாண்டனர் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. விடுதியின் வரலாறு இருந்தது. சோளக் கப்பலின் வரலாறு இருந்தது. எலும்பிலே உயிர்ச்சத்து சீ இன்மையால் வரும் நோயின் தழும்பு இருந்தது. உருளைக்கிழங்கோடு அச்சத்தும் போய்விட்டதன்றோ? ஏட்டிலே வரலாறு இல்லாத பழங்காலத்து இடுகாடுகளில், செல்வராக எண்ணப்பட்டுத் துயில்வோரில் எத்தனை பேர் பசியால் மாண்டவர்?

இதற்கு விடை தேட வழியில்லை என்று கூறுவதற்கில்லை. கில்கெனி ஆய்வே வழி காட்டுகின்றது. பசி முற்றும்போது நைதரசன் எண் உயர, காபன் எண் சற்றுத் தாழும். உடல் எரிக்கும் கொழுப்பிலுள்ள காபன் பாரங்குறைந்தது என்பதால் அவ்வாறாகின்றது. மீனை உண்டிருந்தால் இரண்டும் ஒருங்கே உயர்ந்திருக்கும். இரு கோடுகளும் ஒரு திசையிற் செல்கின்றனவா, எதிர்த்திசையிற் செல்கின்றனவா என்பதே வினா. ஆனால் இதனைக் காண்பதற்குப் பல்லைத் துண்டுதுண்டாக வெட்டி அளத்தல் வேண்டும். விலாவெலும்பிலிருந்து ஒரே ஒரு மாதிரியை எடுத்து ஓர் எண்ணைப் பெறுபவனுக்குப் பசியும் விருந்தும் ஒன்றாகவே கலந்து தெரியும். செலவும் உழைப்பும் கூடியது என்பதற்காகவே ஒற்றை எண்ணோடு அமைவோர் இன்றும் உளர். தாய்ப்பால் குடிக்கும் மகவின் நைதரசன் எண்ணும் தாயினும் ஒரு படி உயர்ந்து நிற்கும் என்பது 1989 முதல் அறியப்பட்டது. அங்கு மட்டும் எவரும் பாலகனை வேட்டையாளன் என்று எழுதுவதில்லை. அங்கே பொது அறிவு காவல் நிற்கின்றது. பசித்தவனுக்கு அக்காவல் இல்லை.

பிரித்தானியாவில் நிகழ்ந்த வழக்கொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அந்நாட்டுக் கரையோர மக்கள் வேளாண்மை வந்தவுடன் கடலுணவை அடியோடு கைவிட்டனர் என்று றிச்சார்ட்ஸ், ஷல்ரிங், ஹெட்ஜஸ் ஆகியோர் 2003 இல் எழுதினர். மறு ஆண்டே நிக்கி மில்னர் முதலானோர், கரையோரத்திலே மீனெலும்பும் சிப்பியும் கிடப்பதைச் சுட்டி மறுத்தனர். 2014 இல் லூசி கிராம்ப் முதலானோர் அக்காலப் பானைகளில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்தபோது கடலுணவின் சுவடு அரிதாயும் பாற்கொழுப்பு மிகுந்தும் காணப்பட்டன. முன்னவரின் கூற்றே பெரிதும் வலுப்பெற்றது. ஆகவே எலும்பு எப்பொழுதும் தவறும் என்பதன்று வாதம். எலும்பின் கூற்றுக்குப் பானை சாட்சி சொன்ன பின்னரே வழக்கு ஒருவாறு தீர்ந்தது என்பதே கவனிக்க வேண்டியது.

இலங்கைக்கு இம்முறை வந்த விதம் பாராட்டத்தக்கது. வெப்பமும் ஈரமும் மிக்க நிலத்திலே கொலாஜன் நெடுங்காலம் நிலையாது. இக்காரணத்தால் உலகின் பழங்கால உணவுப்படம் குளிர்நாடுகளில் அடர்ந்தும் வெப்பநாடுகளில் வெறுமையாயும் கிடக்கின்றது. மனித உணவு பற்றிய பொதுவிதிகள் வடக்கின் எலும்பைக் கொண்டே வகுக்கப்பட்டன. பற்றிக் றொபேட்ஸ், நிமல் பெரேரா, ஒஷான் வெதகே, சிரான் தெரணியகல முதலானோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு பல்லின் எனாமலை எடுத்துக்கொண்டது. அது தாதுப்பொருளாதலின் நிலைக்கும். பட்டதொம்பலென, பாஹியன் லென உள்ளிட்ட நான்கு இடங்களின் மனிதப் பற்களையும் அதே இடங்களின் விலங்குப் பற்களையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் மழைக்காட்டை நம்பி வாழ்ந்தமையைக் காட்டினர். அடர்காட்டின் உள்ளே வளரும் தாவரங்களில் காபன் 13 மிகவும் குறைவு. திறந்தவெளியில் அவ்வளவு குறைவில்லை. காடா, வெளியா என்பதே அவர்கள் கேட்ட வினா. பல் விடையிறுக்கக்கூடிய வினாவும் அதுவே. எவ்வளவு இறைச்சி என்று அவர்கள் பல்லைக் கேட்கவில்லை. குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடினர் என்பதை 2019 இல் வெதகே முதலானோர் பாஹியன் லெனவின் விலங்கெலும்புகளிலிருந்து நிறுவினர். ஒவ்வொரு சாட்சியிடமும் அது கண்டதையே கேட்டமை இவர்களின் சிறப்பு.

குகையிலிருந்து வரண்ட வலயத்துக்கும் வடகரைக்கும் இறங்கினால் இந்த எளிமை மறையும். குரக்கனும் சாமையும் இறுங்கும் நான்கு காபன் தாவரங்கள். அவற்றை உண்டவனின் காபன் எண் கடல்மீன் உண்டவனின் எண்ணோடு சென்று பொருந்தும். நைதரசன் இருவரையும் பிரித்துவிடும் என நூல்கள் கூறும். ஆழமற்ற பவளப்பாறைக் கடலில் அதுவும் கைகொடாது. அக்கடலில் நைதரசனை நேரே வளியிலிருந்து பிடிக்கும் உயிரிகள் மிகுதி. ஆகவே அங்கு வாழும் மீனின் நைதரசன் எண் தாழ்ந்தும் காபன் எண் உயர்ந்தும் இருக்கும். பகாமாஸ் தீவுகளிலே கீகனும் டிநீரோவும் இதனை 1988 இல் எடுத்துக்காட்டினர். பாறைமீனை உண்டவன் குரக்கன் உண்டவனாகத் தோற்றுவான். போதாக்குறைக்கு, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் மாட்டெருவும் ஆட்டெருவும் இட்டு, குழை தாழ்த்துப் பயிரிட்டவன். அவன் குரக்கனின் நைதரசன் எண் எந்த வடநாட்டு அட்டவணையிலும் இல்லை. பனங்கிழங்கும் ஒடியலுமோ மாப்பொருள் மிக்கவை, புரதம் குன்றியவை. கொலாஜன் அவற்றைக் கண்டும் காணாததுபோற் செல்லும். பஞ்ச காலத்திற் பனையே உயிர்காத்தது என்று முதியோர் கூறுவதை எந்த எலும்பும் உறுதிப்படுத்தப் போவதில்லை, மறுக்கவும் போவதில்லை.

ஆகவே இந்நிலத்தில் எலும்பை அளக்க முனைவோர் முதலில் அளக்க வேண்டியவை வேறு. எருவிட்ட குரக்கனும் இடாத குரக்கனும், மானாவாரி நெல்லும் பாய்ச்சல் நெல்லும், களப்பு மீனும் பாறைமீனும் ஆழ்கடல் மீனும், அகழ்விடத்திலே மனிதனோடு கிடைக்கும் மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் முறையே அளக்கப்படல் வேண்டும். இக்காலத்துப் பயிரை அளப்போர் மற்றொரு திருத்தத்தையும் செய்தல் வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததனால் வளியிலுள்ள காபன் கைத்தொழிற் புரட்சிக்கு முன்னிருந்ததிலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2 தாழ்ந்துவிட்டது. அதனைக் கூட்டாமல் இன்றைய நெல்லைப் பண்டைய எலும்போடு ஒப்பிடலாகாது. எலும்பிலிருந்து ஒற்றை மாதிரி எடுப்பதோடு நில்லாது பல்லைப் படைபடையாக அளத்தல் வேண்டும். முடிபை எழுதும்போது உணவு என்று எழுதக் கை செல்லுமிடத்திற் புரதம் என்று எழுதுதல் வேண்டும். இவையெல்லாம் எலும்பை அமிலத்தில் இடுவதற்கு முன்னர்த் தீர்மானிக்கப்படவேண்டியவை. இட்ட பின்னர் அத்துண்டு மீளப்போவதில்லை.